தீவில் இல்லாத காலம்

டிக்கோயாப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிளித்தட்டுக்கு ஆள் பிரிக்கும்போது பிள்ளைகள் எண்ணுவது இப்படி: இச்சி, நி, சான், சி, கோ, ரொக்கு. அது ஜப்பான்காரன் எண்ணிக்கை என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கள் லயத்தில் மட்டுமல்ல, மேல்கணக்குப் பிள்ளைகளும் அப்படித்தான் எண்ணினார்கள். சொல்லிக் கொடுத்தவர் பெரிய தாத்தா, என் தாத்தாவுக்கு மூத்தவர். ஸ்டோரில் இரவுக் காவல். பகலில் லயத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, போகிற வருகிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொல்வார். நடுவில் ஒருவன் தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. எங்களுக்கு அது விளையாட்டு. அவருக்கு என்னவாக இருந்தது என்று கேட்கிற வயது அப்போது எங்களுக்கு இல்லை.

பட்டாளத்தில் இருந்தவர் என்பது தெரியும். பேச்சில் இடையிடையே 'ஜல்தி', 'பானி' எல்லாம் வரும். எங்கே இருந்தீர்கள் என்றால் "ராபாலு" என்பார். மஸ்கெலியாவுக்கு அங்கிட்டு அப்படி ஒரு தோட்டம் இருப்பதாக லயத்தில் பலரும் நம்பினார்கள். ராபாலில் மலை புகையும், இரவெல்லாம் குகை வெட்ட வேண்டும் என்று அவர் சொன்னதை, கவ்வாத்து முள்ளுக்குத் தீ வைத்த கதை, ரோட்டுக்குக் கல் உடைத்த கதை என்று அவரவர் வசதிக்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். தோட்டத்து ஆளுக்கு ஒரு கஷ்டம் வந்தது என்றால் அது இன்னொரு தோட்டத்தில்தானே வந்திருக்க முடியும்.

ரபவுல், நியூகினிக்குக் கிழக்கே நியூ பிரிட்டன் தீவில் இருக்கிறது. 1937இல் எரிமலை வெடித்துச் சாம்பலில் மூழ்கிய ஊர். 1942 ஜனவரியில் ஜப்பானியர் அதைப் பிடித்துத் தங்கள் பெரிய தளங்களில் ஒன்றாக்கினார்கள். நேச நாட்டு விமானங்கள் குண்டு போடப் போட, மலையைக் குடைந்து சுரங்கங்களுக்குள் போனார்கள். குடைவதற்கு ஆள் வேண்டுமே. சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் நியூ பிரிட்டனுக்கும் நியூகினிக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். பெரிய தாத்தா அவர்களில் ஒருவர் என்று சொல்ல இப்போது என் கையில் கடதாசி இருக்கிறது. அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் தேடாத இடமில்லை.

போர்க்கைதி என்றதும் விவரம் தெரிந்தவர்கள் கைகாட்டுவது லண்டனை ஒட்டிய கியூ. அங்குள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் எழுதி வைத்த கைதி அட்டைகள் 50,000க்கு மேல் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தொழில், பிடிபட்ட இடம். ஆண்டு ஜப்பானியக் கணக்கில் இருக்கும்: ஷோவா 17 என்றால் 1942. இறந்தவர் அட்டையில் மூலையிலிருந்து மூலைக்கு இரண்டு கோடு இழுத்திருப்பார்கள். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி அங்கே குடியிருக்கிறாள். அவள் அனுப்பிய மாதிரிப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லிவர்பூல் பையன், கிளாஸ்கோ பையன், தாயின் பெயரோடு. பெரும்பாலும் அவர்கள்தான். எங்கள் பூர்வீகமான முசிறித் தாலுகா ஆள் அதில் அகப்படவில்லை.

கைதிக் கணக்கு எழுதத் தெரியாத உலகமா இது? ஹட்டனில் பதுளை ரயில் ஏறினால் ஹப்புத்தளை தாண்டித் தியத்தலாவை வரும். தென்னாப்பிரிக்காவில் பிடித்த போயர்களை 1900இல் அங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள், ஏறத்தாழ 5,000 பேர். ஒவ்வொருவனுக்கும் எண், வயது, பண்ணை, மாவட்டம், பிடிபட்ட இடம், பிடிபட்ட நாள் என்று பதிவேடு. அந்தக் கைதிகளின் கொள்ளுப் பேரர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டித் தங்கள் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டேன் என்று நின்ற எங்கல்பிரெக்ட் என்ற போயர், ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி யால சரணாலயத்தின் முதல் காவலராகிச் செத்தார். இரண்டாம் யுத்தத்திலும் அதே தியத்தலாவையில் ஜெர்மன்காரர்களை வைத்திருந்தார்கள். பிக்குவாகி இருந்த ஞானபொனிக தேரரைக்கூட விடவில்லை. ஜப்பான் நெருங்கியதும் டேராடூனுக்கு மாற்றினார்கள். எதிரிக்கு இவ்வளவு எழுத்து. பண்டாரவளையில் படிப்பித்த காலத்தில் அந்த ஸ்டேஷனைக் கடந்துதான் வீட்டுக்கு வருவேன், எங்கள் வீட்டிலும் ஒரு கைதி இருந்தார் என்ற எண்ணம் வராமலே.

துரைமாருக்கும் ஒரு படை இருந்தது. சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர். கண்டியில் தலைமையகம், ஐரோப்பியருக்கு மட்டும். 1914 அக்டோபரில் அவர்களில் ஒரு பிரிவு கொழும்பில் கப்பலேறி எகிப்து போய், கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றது. அவர்கள் கதையை எழுத ஆள் இருந்தது, இருக்கிறது. அதோடு விடலாம்.

எங்கள் ஆட்கள் மண்டபம் காம்பைக் கடந்து வந்த நாளில் கையில் கிடைத்தது தகரச் சீட்டு. தோட்டத்தைக் குறிக்கிற எழுத்தும் எண்ணும் அதில் துளையிட்டிருக்கும். ஆளின் பெயர் இருக்காது. எந்தத் தோட்டத்துக் கணக்கில் வழிச்செலவை ஏற்ற வேண்டும் என்பதற்குத்தான் அது. தோட்டத்துக்கு வந்தபின் செக்ரோலில் பெயர் ஏறும். கங்காணிக்கு ஆளுக்கு ஆள் தலைக்காசு வர வேண்டுமே, அதனால். பெரிய தாத்தாவின் பெயர் 1939 ஜூலை வரை செக்ரோலில் இருந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் இருந்திருக்காது.

அதை அப்பாயி சொல்வார். "ஆடிப் படையலுக்குப் போயிட்டு வாரேன்னு போனவரு. குலசாமிக்குக் கெடா நேர்ந்திருந்துச்சு. புள்ளைக்கு அப்ப ஆறு மாசம். மண்டவத்துல மறிச்சுப்புட்டானுக." அப்பாயி ஆடி என்று சொன்னதைக் காலண்டரில் வைத்துப் பார்த்தால் சரியாகவே விழுகிறது. கொழும்பில் அரசாங்கத்தின் கீழ் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்க முடிவானது. பேச நேரு வந்தார். ஜூலை 25இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. பேச்சு பலிக்கவில்லை. தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு 1939 ஆகஸ்ட் 1 முதல் தடுத்தது. டில்லியும் கொழும்பும் முறைத்துக்கொண்டன. நடுக்கடலில் எங்கள் குடும்பம் இரண்டானது. தலைமன்னாருக்கு இந்தப் பக்கம் பெண்டாட்டியும் கைப்பிள்ளையும், தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் அவர்.

முசிறிப் பக்கம் அவருக்கு நிலம் கிடையாது. மழையும் இல்லை. திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பெங்களூரில் மதறாஸ் சாப்பர்ஸ். பாலம் கட்ட, ரோடு போட, கண்ணி வைக்க, எடுக்க. அந்தப் படையின் சிப்பாய்களை இன்றுவரை 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள். தலையில் வைக்கிற 'தூப்தா' தொப்பியும் அவர்களுக்கே உரியது. பெரிய தாத்தாவுக்கு அங்கே இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, வயிறாரச் சாப்பிட்டார். இரண்டு, கையெழுத்துப் போடக் கற்றார். கங்காணி கணக்கில் கைநாட்டு வைத்த ஆள், யுத்தம் முடிந்து வந்தபோது ஆங்கில எழுத்தில் தன் பெயரைக் கொஞ்சம் சாய்வாக எழுதுவார். சம்பள நாளில் அதைப் பார்ப்பதற்கென்றே கணக்கப்பிள்ளை அவரைக் கடைசியாகக் கூப்பிடுவாராம்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. 17ஆம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். 40,000க்கும் மேல். கேப்டன் மோகன் சிங் அங்கேதான் தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள், பல ஆயிரம் பேர் சேரவில்லை. தமிழில் இந்தக் கதை என்றால் சேர்ந்தவர்கள் கதைதான்: நேதாஜி, கேப்டன் லட்சுமி, மலாயாத் தோட்டங்களிலிருந்து துப்பாக்கி தூக்கிய நம் பிள்ளைகள். பெருமைப்படுவதில் பிழையில்லை. சேராதவனைப் பற்றிப் பேச மட்டும் ஆள் இல்லை. பெரிய தாத்தாவிடம் ஏன் சேரவில்லை என்று என் அப்பா ஒருமுறை கேட்டிருக்கிறார். "அன்னைக்கு எனக்கு வயித்தால போய்க்கிட்டு இருந்துச்சு" என்றாராம். அதற்கு மேல் கொள்கை விளக்கம் எதுவும் அவர் தந்ததில்லை. நான் அதை நம்புகிறேன். சரித்திரத்தில் பாதி முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கும்.

இங்கே டிக்கோயாவில் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது. மார்ச் 8இல் ரங்கூனும் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. துறைமுகத்து ஆட்கள் மூட்டையோடு ஓடினார்கள். அரிசிக்குப் பதில் கோதுமை மா கொடுத்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் கூழாகக் காய்ச்சிக் குடித்ததாக அப்பாயி சொல்வார். பிறகு ரொட்டி. கொழுந்துக்குப் போகிறவளுக்கு மடியில் கட்டிக்கொண்டு போகத் தோதாக இருந்தது. யுத்தம் முடிந்து அரிசி வந்த பிறகும் ரொட்டி போகவில்லை. மலையகத்துச் சாப்பாடு என்று இப்போது எல்லோரும் ரசித்துச் சொல்கிற ரொட்டியும் சம்பலும் அந்தப் பஞ்சத்தில்தான் எங்கள் லயத்துக்குள் வந்தது.

தீவுகளுக்குப் போன இந்தியர்கள் நிலையைத் திரும்பி வந்த கிழவர்களிடமிருந்து கறக்க முடியாது. யுத்தம் முடிந்து நடந்த விசாரணைகளில்தான் வருகிறது. நியூகினியில் வீவாக்கில் இறக்கப்பட்டவர்கள் சுமார் 3,000. மிகச் சொற்பமானவர்களே மிஞ்சினார்கள். பட்டினி, பெரிபெரி, மலேரியா, அடி, மேலிருந்து விழுகிற நேச நாட்டுக் குண்டு. ரபவுலில் பிழைத்தவர்கள் அதிகம். சர்க்கரைவள்ளித் தழையைத் தின்றே உயிர் பிடித்ததாகப் பெரிய தாத்தா சொல்வார். விடியலிலும் அந்தியிலும் ஆள் எண்ணிக்கை. இச்சி, நி, சான். ஜப்பான் மொழியில் தன் எண்ணைச் சொல்லத் தடுமாறினால் கன்னத்தில் விழும். வரிசை மறுபடி முதலிலிருந்து. வந்தபின் அவர் மலை வேலைக்குப் போகாமல் சம்பளம் குறைந்தாலும் இரவுக் காவலையே கேட்டு வாங்கியதற்கு, விடியக்காலைப் பெரட்டுக்களத்தில் நிற்க ஏலாது என்பதுதான் காரணம் என்று அப்பாயி சொல்வார். அவர் சொன்னதில்லை.

1945 செப்டம்பர் 6இல் 'குளோரி' கப்பலில் ஜெனரல் இமாமுரா சரணடைந்தார். 1947இல் ரபவுலில் ஆஸ்திரேலிய ராணுவ நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு கொடுத்தது. அங்கே நடந்த வழக்குகளில் இந்தியர் விஷயம் வரும்போதெல்லாம் ஜப்பானியத் தரப்பு ஒரே வாதத்தை வைத்தது: இவர்கள் போர்க்கைதிகளே அல்லர், தாமாக விரும்பி வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் கைதி அட்டைகளில் நம் ஆட்களை ஏன் தேடித் தேடிக் காணோம் என்பதற்கு விடை அந்த வாதத்திலேயே இருக்கிறது. கைதி இல்லை என்று வைத்துக்கொண்டவனுக்கு எதற்குக் கைதி அட்டை? எனக்கு அதைப் படித்தபோது கோபத்தைவிடப் பழகிய பேச்சாகத் தோன்றியதுதான் அதிகம். கங்காணி முறையைப் பற்றி எங்கள் பெரிய துரைமார் 100 வருஷம் சொல்லிவந்ததும் அதுதானே. யாரும் கட்டி இழுத்து வரவில்லை, தாமாக வந்தார்கள்.

மீட்கப்பட்டவர்களை ராணுவம் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்து விசாரித்தது. இவருக்கு வெள்ளை. 1946 கடைசியில் டிக்கோயா வந்து சேர்ந்தார். அவர் மகளுக்கு, எனக்கு அத்தை முறை, எட்டு வயது நடக்கிறது. "காக்கிச் சட்டைபோட்ட ஆளு ஒருத்தரு வீட்டுக்குள்ள நிக்கிறாரு, அம்மா அழுவுது. போலீசுன்னு நெனச்சு நான் புள்ளக்காம்பராவுக்கு ஓடிட்டேன்" என்று அத்தை இப்போதும் சொல்வார்.

இனி அந்தக் கடதாசி. நாடு சுதந்திரம் அடைந்ததும் எங்களுக்குப் பிரஜாவுரிமை போனது தெரிந்த கதை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழி திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து தீவில் இருந்திருக்க வேண்டும். இடையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. பெரிய தாத்தாவும் ஹட்டனில் ஒரு பெட்டிஷன் எழுதுகிறவரைப் பிடித்துச் சத்தியக் கடதாசி தட்டச்சு செய்து, சமாதான நீதவான் முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதன் கார்பன் பிரதி மூன்று தாள். ஊதா எழுத்து. மடிப்பில் நைந்து இரண்டு வரி போயே விட்டது.

அதில் எல்லாம் இருக்கிறது. படை எண். சேர்ந்த நாள். மலாயாவுக்குப் போன மாதம். சிங்கப்பூரில் பிடிபட்டது. ரபவுல், தப்பில்லாத எழுத்துக்கூட்டலோடு. மீட்கப்பட்டது, மதறாஸில் இறங்கியது. வாழ்க்கையில் எங்கள் யாரிடமும் முழுசாக வாய் திறக்காத மனிதர் பெட்டிஷன்காரரிடம் அத்தனையும் சொல்லியிருக்கிறார். சொன்னால் குடியுரிமை கிடைக்கும் என்றிருந்தால் யார்தான் சொல்லமாட்டார்கள். நாலாவது பத்தியில், தான் தீவில் இல்லாத காலம் முழுவதும் மாட்சிமை தங்கிய மன்னரின் சேவையில் இருந்ததாகவும், அதே மன்னர்தான் இலங்கைக்கும் மன்னராக இருந்தார் என்றும் ஒரு வாக்கியம் வருகிறது. எழுதியவர் கெட்டிக்காரர்.

பலிக்கவில்லை. அவர் கணக்கில் 1939 ஜூலை முதல் 1946 வரை ஏழு வருஷமும் வெறும் வெளியே இருந்த காலம். குண்டுக்கடியில் சுரங்கம் வெட்டினாரா, முசிறியில் ஆடு மேய்த்தாரா என்பது சட்டத்துக்குத் தேவையில்லை. 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்த ராணுவமும் தோற்ற ராணுவமும் எங்கள் கண்ணுக்கு எட்டுகிற மாதிரி எழுதி வைக்காத அந்த யுத்தத்தை, தேதி வாரியாக எழுதி வைத்திருந்தது வேண்டாம் என்று தள்ளப்பட்ட அவர் விண்ணப்பம் ஒன்றுதான்.

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தலைகளைப் பங்கிட்டார்கள். என் தாத்தா வீட்டுக்கு இலங்கை, அண்ணன் வீட்டுக்கு இந்தியா. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலேறி ராமேஸ்வரம் போய், கூடலூரில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் பதிந்தார்கள். மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து. பெரிய தாத்தா அங்கேதான் இறந்தார். கார்பன் பிரதி அத்தையின் தகரப் பெட்டியில், கண்டியில் கொடுத்த குடும்ப அட்டைக்கும் பழைய பாஸ்போர்ட்டுக்கும் அடியில் கிடந்தது. இங்கே எங்களோடு இருந்திருந்தால் 1983 கலவரத்தில் வீட்டோடு எரிந்திருக்கும்.

படை எண் கிடைத்ததும் காரியம் எளிதானது. பிரிட்டிஷ் காலத்து இந்தியச் சிப்பாய்களின் சேவைப் பதிவு லண்டனில் இல்லை. அதிகாரிகளுடையதுதான் அங்கே. சிப்பாய்க்குரியது அந்தந்தப் படைப் பிரிவின் பதிவு அலுவலகத்தில், இந்தியாவில். அத்தை மகன் எழுதிப் போட்டு, அலைந்து, ஷீட் ரோல் என்கிற அந்த நீளத் தாளின் நகலை வாங்கிவிட்டான். உயரம், மார்பளவு, சாதி, இடது புருவத்து மேல் வெட்டுத் தழும்பு. கிராமம், தாலுகா, ஜில்லா: முசிறி, திருச்சினாப்பள்ளி. இலங்கை என்ற சொல்லே அதில் இல்லை. தடையை மீறிப் போவானோ என்று கேட்பார்கள் எனப் பயந்து அவரே மறைத்திருக்கலாம். வாரிசு என்ற கட்டத்தில் பெண்டாட்டி பெயரும் இல்லை; அவர் தாயின் பெயர் இருக்கிறது. சம்பளத்தில் குடும்பத்துக்குப் பிடித்து அனுப்புகிற பணமும் அந்த அம்மாள் பெயருக்கே.

அத்தைக்கு இதைப் போனில் படித்துக் காட்டினேன். ரபவுல், சிங்கப்பூர் எதிலும் அவர் நிற்கவில்லை. "அந்தக் கட்டத்தை இன்னொருக்கா படி" என்றார். படித்தேன். பட்டாளத்துக் காசு மாசாமாசம் ஊருக்கு வந்தது, எங்களுக்கு ஒரு சல்லி அனுப்பவில்லை என்று பெரிய அப்பாயி சாகிறவரைக்கும் சொல்லிவந்தார். அப்படி ஒரு காசு வரவே இல்லை என்று முசிறிக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். இரண்டு கல்யாணத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது இதனால்தான்.

"நகல் எடுத்து முசிறிக்கு ஒண்ணு அனுப்பிரு" என்றார் அத்தை. "பதிவுத் தபால்ல."